புரட்டாசியில் கம்பத்துக்குத் திராட்சை பார்க்கப் போவது எப்படி: மதுரையிலிருந்து ஒரு சனி, ஞாயிறு

மதுரையிலிருந்து ஒயின் சுற்றுலா போக முடியுமா என்று போன ஆவணியில் என் மச்சினன் கேட்டான். இத்தாலியோ பிரான்ஸோ, இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பழுத்துக் கிடக்கிற ஒரு தோட்டத்தில் நாலு பேர் கையில் கோப்பையோடு நடந்து போகிற வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறான். அது நடக்காது மாப்ளே, ஆனால் திராட்சைச் சுற்றுலா போகலாம், அதுவும் அவர்கள் போகிற அதே மாதத்திலேயே போகலாம் என்றேன். போய்வந்தோம். எனக்கு அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் தேதி தப்பு, ரூம் தப்பு, பழம் வாங்கிய விதம் தப்பு. அதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோப்பையில் ஊற்றி, மோந்து பார்த்து, ருசி பார்க்கிற ஒயின் சுற்றுலாதான் வேண்டுமென்றால் நாசிக் போக வேண்டும், இல்லையென்றால் பெங்களூருக்கு மேலே நந்தி மலைப் பக்கம். நம் மாநிலத்தில் சில்லறை மது விற்பனை எல்லாம் டாஸ்மாக் கையில் இருக்கிறது, தோட்டத்தில் உட்கார்ந்து ருசி பார்க்கிற கலாச்சாரம் இங்கே இல்லை. அப்படியே நாசிக் போனாலும் அக்டோபரில் போய்ப் பிரயோஜனமில்லை. அங்கே ஒயின் திராட்சை பறிப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் என்பது கொடியை வெட்டிவிட்டு மொட்டைக் குச்சியாக நிறுத்தியிருக்கிற நேரம். ஐரோப்பாக்காரன் செப்டம்பர், அக்டோபரில் போகிறான் என்றால் அவனுக்கு அது அறுவடைக் காலம். அந்தத் தேதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் குச்சியைத்தான் பார்ப்பீர்கள்.

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இந்த இரண்டு கணக்கிலும் சேராது. அதுதான் அதன் விசேஷம்.

குளிர் நாட்டில் கொடி பனிக்காலத்தில் தூங்கும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் காய்க்கும். கம்பத்தில் கொடியைத் தூங்க வைக்கிற அளவுக்குக் குளிர் ஏது? அதனால் எப்போது காய்க்க வேண்டும் என்பதை விவசாயியின் கத்தரிதான் முடிவு செய்கிறது. கவாத்து பண்ணிய, அதாவது கொடியை வெட்டிவிட்ட நாளிலிருந்து கிட்டத்தட்ட 110, 120 நாளில் பழம் வெட்டுக்கு வந்துவிடும். பிறகு கொடிக்குக் கொஞ்ச நாள் ஓய்வு, மறுபடி கவாத்து. இரண்டு வருஷத்தில் அஞ்சு வெள்ளாமை வரை எடுக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒவ்வொரு தேதியில் கவாத்து பண்ணுவதால், ஒரே சாலையில் ஒரு தோட்டம் மொட்டையாக இருக்கும், அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பச்சைக் காய், நாலாவதில் கறுகறுவென்று பழம். வருஷம் முழுக்கப் பழம் கிடைக்கிற இடம் என்று கம்பத்துக்குப் பேர் வந்தது இப்படித்தான். ஆனால் நீங்கள் வண்டியை நிறுத்துகிற தோட்டத்தில் அன்றைக்குப் பழம் இருக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. இது புரியாமல்தான் முதல் தடவை நான் ஒரு அருமையான, பச்சைப்பசேல் தோட்டத்தில் குடும்பத்தோடு போய் நின்று, மிளகு சைஸ் காயைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பழம் பற்றி இரண்டு வரி. இங்கே பெரும்பாலும் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் வெளிநாட்டுப் பெயர். கறுப்பு, மெல்லிய தோல், உள்ளே கொட்டை, கடித்தால் ஒரு வாசம் வரும், பன்னீர் என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் மூலம் தமிழ்நாட்டுக்கு வந்த ரகம் என்று சொல்வார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பச்சை நிற, விதையில்லாத திராட்சைதான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், அதற்கு ஓடைப்பட்டி என்று இதே மாவட்டத்தில் வேறு ஊர் இருக்கிறது, ஆனால் அதற்குப் பருவம் தைக்கு அப்புறம். புரட்டாசியில் அங்கே போகாதீர்கள்.

எந்த வாரம் போவது

என் கணக்கில் புரட்டாசி முதல் மூன்று வாரம், அதாவது செப்டம்பர் பதினேழு, பதினெட்டிலிருந்து அக்டோபர் ஏழு, எட்டு தேதி வரை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வடகிழக்கு இன்னும் பிடித்திருக்காது. வைகாசியில் கவாத்து பண்ணிய தோட்டமெல்லாம் அப்போதுதான் வெட்டுக்கு வரும். மலை கழுவிவிட்ட மாதிரி தெளிவாகத் தெரியும், வெயிலும் சித்திரை வெயில் மாதிரி மண்டையைப் பிளக்காது.

ஐப்பசி பிறந்துவிட்டால் கதை மாறிவிடும். ஐப்பசியில் அடைமழை என்று சும்மாவா சொன்னார்கள். பழுத்த பன்னீர் திராட்சை மேல் இரண்டு நாள் மழை விடாமல் பெய்தால் தோல் வெடித்துவிடும், வெடித்த பழத்தில் ஈ மொய்க்கும், ஒரு கொத்தில் நாலு பழம் அழுகினால் மொத்தக் கொத்துக்கும் விலை போய்விடும். இலையில் அடிச்சாம்பல் நோய் வந்துவிட்டால் அப்புறம் மருந்துக்கு மேல் மருந்து. தோட்டக்காரர் அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நாம் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பது நன்றாகவா இருக்கும்?

புரட்டாசியிலும் தவிர்க்க வேண்டிய நாள்கள் உண்டு. மகாளய அமாவாசையன்று சுருளி அருவிக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அள்ளும். ஆயுத பூஜை வார இறுதியில் கம்பம், குமுளி ரோடு முழுக்க வண்டிதான், லாட்ஜ்காரர்கள் வாய்க்கு வந்த வாடகை சொல்வார்கள். இன்னொன்று, புரட்டாசி சனிக்கிழமை. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், சனிக்கிழமை பெருமாளைப் பார்க்காமல் எங்கே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கம்பத்திலேயே கம்பராயப் பெருமாள் கோயில் இருக்கிறது. என் மாமியார் வண்டியில் ஏறியதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். கறி சாப்பிடாத மாசம் என்பதால் தேனிப் பக்கத்து நாட்டுக்கோழிக் குழம்பை மட்டும் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். மச்சினனுக்கு அதில் இன்னும் வருத்தம்.

கிளம்புவதற்கு முன் ஒரு போன்

மொத்தத் திட்டத்தில் இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் பக்கம் ஒரு தோட்டக்காரர் நம்பராவது பிடித்துவிடுங்கள். ரோட்டோரத்தில் இருக்கிற தோட்டங்கள் சில போர்டு வைத்து, ஜூஸ் கடை போட்டு, வருகிறவர்களை உள்ளே விடுகின்றன; குமுளி வழியாக மலையாளிகள் நிறையப் பேர் வருவதால் போர்டில் மலையாளமும் இருக்கும். அந்த போர்டிலேயே நம்பர் இருக்கும், யாராவது எடுத்துப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் மதுரையில் நீங்கள் வழக்கமாகப் பழம் வாங்குகிற கடைக்காரரிடம், கம்பத்துப் பழம் யார் மூலம் வருகிறது என்று கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

போனில் கேட்க வேண்டியது மூன்று. இந்த சனிக்கிழமை உங்கள் தோட்டத்தில் பழம் நிற்குமா, இல்லை அதற்குள் வெட்டிவிடுவீர்களா? கடைசியாக மருந்து எப்போது அடித்தீர்கள்? நேற்று, முந்தாநாள் மழை உண்டா? முதல் கேள்விக்கு அவர் "வியாழக்கிழமையே யாவாரி வந்து வெட்டிருவாருண்ணே" என்று சொன்னால் கவலைப்படாதீர்கள், யாரிடம் நிற்கும் என்று அவரிடமே கேளுங்கள். பக்கத்துத் தோட்டம் எந்தத் தேதியில் கவாத்து பண்ணியது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மருந்து விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கொடியிலிருந்து பறித்து அப்படியே வாயில் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஆசை, ஆனால் பந்தலுக்கு மருந்து அடித்து நாலு நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் அது வேண்டாத வேலை. நல்ல தோட்டக்காரர் தானே சொல்லிவிடுவார். எப்படியும் இரண்டு லிட்டர் தண்ணீர் கேனும் ஒரு பாத்திரமும் வண்டியில் இருக்கட்டும், கழுவிவிட்டுச் சாப்பிடலாம். குழந்தைகளைத்தான் கண்காணிக்க வேண்டும்.

ரூம் போடும்போது ஒரு எச்சரிக்கை. கூடலூர் என்று தட்டினால் முதலில் வருவது நீலகிரிக் கூடலூர். இரண்டாவது தடவை போனபோது நல்ல விலையில் ரூம் கிடைத்ததென்று சந்தோஷமாகப் பணம் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி வழி பார்க்க மேப்பைத் திறந்தால் ஊட்டிப் பக்கம் காட்டுகிறது. பணம் போனது போனதுதான். தேனி மாவட்டமா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

எங்கே தங்குவது என்றால், திராட்சை முக்கியமென்றால் கம்பம், குளிர் முக்கியமென்றால் குமுளி. கம்பத்தில் லாட்ஜுகள் சாதாரணமாக இருக்கும், ஆனால் மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடலாம். குமுளி இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் மேலே, மலை ஏறி இறங்க வேண்டும், தேக்கடிக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நான் கம்பம் கட்சி.

போகிற வழி

சனிக்கிழமை காலை அஞ்சரைக்கு மதுரையை விட்டுவிடுங்கள். கம்பம் சுமார் 115 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் மூன்று, மூன்றரை மணி நேரம். செக்கானூரணி, உசிலம்பட்டி, அப்புறம் ஆண்டிபட்டிக் கணவாய். கணவாயில் ஏறும்போது வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எதிரே மேற்கு மலை முழுக்க வெளிச்சம் விழுந்திருக்கும். அரை மணி லேட்டாகக் கிளம்பினால் அது கிடைக்காது. தேனியில் டிபனை முடித்துக்கொண்டு இடது பக்கம் குமுளி ரோட்டில் திரும்பினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். இப்போது ஊருக்கு ஊர் பைபாஸ் வந்துவிட்டது, நேரம் மிச்சம்தான், ஆனால் பைபாஸிலேயே போனால் நெல் வயலும் தென்னையும் தவிர ஒன்றும் பார்க்க மாட்டீர்கள். கம்பத்தில் மட்டும் மறக்காமல் ஊருக்குள் இறங்குங்கள், சுருளிக்குப் போகிற ரோடு அங்கேதான் பிரிகிறது.

கார் இல்லாதவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கம்பம் அல்லது குமுளி பஸ் ஏறலாம். ரயில் ஆசை உள்ளவர்களுக்கு மதுரை - போடி வண்டி இருக்கிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு வருஷம் போல இழுத்தடித்து, 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் விட்டார்கள். காலையில் மதுரையில் ஏறி தேனியில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் தோட்டத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும் என்பதால் சனிக்கிழமை கோயிலையும் சுருளியையும் வைத்துக்கொண்டு தோட்டத்தை ஞாயிறு காலைக்குத் தள்ளிவிடுங்கள்.

தோட்டத்துக்குள்

கேட்காமல் நுழையாதீர்கள். வேலி இல்லை, கேட் திறந்து கிடக்கிறது என்பதெல்லாம் காரணமில்லை. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாகக் கூப்பிடுவார்கள்.

வெளிநாட்டு வீடியோவில் பார்க்கிற மாதிரி இடுப்பளவு வேலியாக இங்கே கொடி இருக்காது. கல் தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன் மேல் கொடியைப் படர விட்டிருப்பார்கள். கல்யாணப் பந்தல் மாதிரியே இருக்கும், மேலே இலைக் கூரை, கீழே ஆயிரக்கணக்கில் கொத்துகள் தலைகீழாகத் தொங்கும். என் மச்சினன் ஆறடி, தோட்டம் முழுக்கக் குனிந்தே நடந்தான். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே நிழல், மண் ஈரம், போட்டோ எடுத்தால் முகம் இருட்டாக வரும். காலை எட்டு, எட்டரைக்குச் சாய்ந்த வெளிச்சம் தூணுக்கு இடையில் நுழையும், அப்போது எடுங்கள், கொத்து ஒவ்வொன்றும் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும்.

இலையை உற்றுப் பாருங்கள். நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகக் காய்ந்த கறை இருக்கும், கல் தூணிலும் கம்பியிலும் கூட இருக்கும். அது போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்கிற மருந்து. போர்டோ என்பது பிரான்ஸில் ஒயினுக்குப் பேர்போன ஊர். 1880-களில் அங்கே திராட்சைக்கு வந்த நோயை அடக்கக் கண்டுபிடித்த கலவை, இன்றைக்குச் சுருளிப்பட்டியில் தோட்டக்காரர் வாயில் சர்வ சாதாரணமாக வருகிறது. ஒயின் சுற்றுலா கேட்டாயே, இந்தா உன் போர்டோ என்று மச்சினனிடம் காட்டினேன், அவன் சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், அந்தக் கறை தோளில் ஒட்டினால் லேசில் போகாது.

பழத்தைத் தொடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பழுத்த பன்னீர் திராட்சை மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு மாவு படிந்திருக்கும். மருந்தென்று நினைத்து நான் விரலால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரர் அங்கிருந்தே கத்தினார்: "அண்ணே, தொடாதீங்க, மாவு போயிரும், யாவாரி விலையக் கொறைச்சிருவான்." அது பழம் தானாகப் பூசிக்கொள்கிற மெழுகு. அது கலையாமல் இருந்தால்தான் கை படாத புதுப் பழம் என்று சந்தையில் எடுப்பார்கள். அங்கே வேலை பார்க்கிற அக்காக்கள் கொத்தைப் பிடிப்பதே காம்பைத்தான், பழத்தில் விரல் படாது. இடது கையால் காம்பைத் தூக்கிப் பிடித்து, வலது கையில் இருக்கிற சின்னக் கத்தரிக்கோலால் வெடித்த பழம், சொத்தைப் பழத்தை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கிக் கீழே விடுகிறார்கள், ஒரு கொத்துக்கு அரை நிமிஷம் கூட ஆகாது. அப்புறம் டிரேயில் பேப்பர் விரித்து, காம்பு மேலே இருக்கிற மாதிரி ஒரே ஒரு அடுக்கு. பத்து நிமிஷம் அதைச் சும்மா நின்று பாருங்கள். வாங்கும்போது எப்படிக் கேட்க வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

வெட்டு நடக்கிற தோட்டம் வேண்டுமென்றால் காலையில்தான் போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேல் போனால் ஜூஸ் குடிக்கலாம், வேலை பார்க்க முடியாது. ஜூஸ் சொல்லும்போது சீனி கம்மியாக என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாயசம் வரும்.

விவசாயத்தில் அக்கறை உள்ளவர்கள் உத்தமபாளையத்திலிருந்து ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வழியாகப் போகலாம். ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் சனி, ஞாயிறில் திறந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், வெள்ளிக்கிழமையே லீவு போட முடிகிறவர்களுக்குத்தான் அது.

மற்ற நேரம்

சனிக்கிழமை மத்தியானம் சுருளி. கம்பத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல. வனத்துறைக் கட்டுப்பாடு, மேலே மழை பெய்து தண்ணீர் கூடினாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ குளிக்க விட மாட்டார்கள், வாக்குவாதம் பண்ணாமல் திரும்பிவிடுங்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து போன யானை, அந்த ஊர்க்காரர்களிடம் யானை பற்றி விளையாட்டாகப் பேசினால் முறைப்பார்கள். இதே காரணத்துக்காக இருட்டிய பிறகு மலையடிவாரத் தோட்டங்களில் நிற்காதீர்கள்.

சாயங்காலம் பெருமாள் கோயில், ராத்திரி இட்லி, தூக்கம். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை தோட்டம், அதற்கப்புறம் லோயர் கேம்ப். கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குகிற நாலு ராட்சதக் குழாய் மலையோடு ஒட்டிக்கொண்டு வரும். 1895-ல் அணை திறந்து, மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும், அப்புறம் வைகையில் கலந்து நம்ம மதுரைக்கும் வருகிறது. பென்னிகுவிக் பிறந்த நாளான ஜனவரி 15-ல் இந்தப் பக்கத்து ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். கூடவே இருக்கிற சிறுசுகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போனால் குழாயைப் பார்க்கிற பார்வையே வேறு.

குமுளி மேலேறித் தேக்கடிப் படகையும் இதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சேர்க்காதீர்கள், அது தனி ட்ரிப். மலை ஏறினால் கீழே வரும்போது பழம் வாங்க நேரம் இருக்காது. இன்னொன்று, அந்தப் பக்கம் போனவர்கள் ஒயின் ஆசையில் பாட்டில் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். வெளிமாநில மது பாட்டிலோடு சோதனைச் சாவடியில் மாட்டினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க அங்கேயே போய்விடும்.

பழம் வாங்கிக் கொண்டுவருவது

கடைசி வேலையாக வாங்குங்கள், மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குக் கிளம்புகிற நேரத்தில். காலையிலேயே சொல்லி வைத்துவிட்டால் அன்றைக்கு வெட்டியதில் எடுத்து நிழலில் வைத்திருப்பார்கள். காம்பைப் பாருங்கள். பச்சையாக, விறைப்பாக இருந்தால் இன்றைய பழம், பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் நேற்றோ முந்தாநாளோ வெட்டியது. கொத்தைக் காம்பில் பிடித்து லேசாக ஆட்டினால் பழம் உதிரக் கூடாது. கொத்தின் நடுவில் பாதி சிவப்பாக நிற்கிற பழம் புளிக்கும், வெளிப்பழத்தைத் தின்று பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள்.

பன்னீர் திராட்சை தாங்காத பழம். முதல் தடவை ஆசையில் பத்து கிலோ வாங்கி, இரண்டு பெரிய பாலிதீன் பையில் போட்டு, டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உசிலம்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது கீழே கறுப்பாகச் சொட்டுகிறது, ஆயில் லீக் என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் வாசம் பன்னீர் வாசம். அடியில் இருந்த நாலு கிலோ கூழ். டிக்கி விரிப்பில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அதனால் வீட்டிலிருந்தே இரண்டு பிளாஸ்டிக் டிரே, இல்லையென்றால் அட்டைப்பெட்டி எடுத்துப் போங்கள், பழைய பேப்பர் விரித்து ஒரே அடுக்காக வையுங்கள், டிக்கியில் வேண்டாம், பின்சீட்டில் ஏசி படுகிற இடத்தில். ஒரு குடும்பத்துக்கு மூன்று கிலோ போதும், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் மூன்று. தோட்டத்து விலை நாளுக்கு நாள் மாறும், ரொம்பப் பேரம் பேசாதீர்கள்.

திரும்பும்போது நேரம் இருந்தால் வைகை அணைப் பூங்காவில் அரை மணி நேரம். எங்களுக்கு நேரம் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராத்திரியே பழத்தைப் பிரித்துப் பரப்பிவிடுங்கள், அமுங்கியதைத் தனியே எடுத்தால்தான் மற்றது பிழைக்கும். கழுவிய பழம் சீக்கிரம் கெடும், சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். அமுங்கிய பழத்தில் ஜூஸ் போடலாம்: உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அலசி, காம்பு நீக்கி, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கிற வரை வேகவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், கொட்டை அரைபட்டால் துவர்ப்பு இறங்கிவிடும். சீனி போட்டு ஒரு கொதி விட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் ஒயின் ஆகிவிடுமே என்று மச்சினன் ஆரம்பித்தான். அதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும் மாப்ளே, ஜூஸைக் குடி என்று டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டேன்.

வடிகட்டிய கொட்டையை என் மாமியார் தூக்கிப் போடாமல் மாடியில் ஒரு தொட்டியில் போட்டு வைத்திருந்தார். முளைத்தால் பழம் வருமா என்று கேட்கச் சொன்னார், தோட்டக்காரருக்கு போன் போட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "அத்தைகிட்ட சொல்லுங்கண்ணே, கொட்டையில வந்தா அந்தப் பழம் வராது, குச்சிதான் வைக்கணும். மார்கழியில கவாத்து பண்றேன், வந்தீங்கன்னா நல்ல குச்சியா ரெண்டு எடுத்துத் தாரேன்" என்றார். மார்கழிக்கு இப்போதே லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.